பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்

போன மாதம் ஹாஸ்டல் நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு காஞ்சிபுரத்து நண்பர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "எல்லாம் சரிப்பா, நடுவில் 'இனவெறி' என்று ஒரு பெரிய வார்த்தை போட்டிருக்கிறாயே, அது எதற்கு? அது அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா சமாச்சாரம். நம்ம ஊரில் பையன்கள் கொஞ்சம் கேலி பேசுவார்கள், அவ்வளவுதானே?" என்றார்.

போனில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒர்க்ஷாப் சூப்பிரண்டெண்டாக இருந்து 2017-ல் ஓய்வு பெற்றவன். அதில் பதின்மூன்று வருடம் ஆண்கள் விடுதிக்கு வார்டன் வேலையும் சேர்த்துப் பார்த்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இங்கே சொல்லப்போவது ஒரு கல்லூரிக்கு மட்டும் உரிய கதையும் இல்லை.

நம் வயதுக்காரர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றால் முதலில் ராமானுஜர் அவதரித்த தலம். பிறகு 1991 மே 21, அதை யாரும் மறக்க முடியாது. அதற்கு அப்புறம்தான் இது தொழிற்சாலை ஊர் ஆனது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடினார்கள். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிஸ்ஸான், 2012-ல் டைம்லர். ஏரியும் வயலுமாக இருந்த இடத்தில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கத் தொடங்கின. டீக்கடையில் தமிழும் தெலுங்கும் மட்டும் கேட்ட காதுக்கு இந்தி, ஒடியா, வங்காளம், அசாமி எல்லாம் கேட்க ஆரம்பித்தது. கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஹோட்டல் வந்தது.

தொழிற்சாலைகள் வந்ததும் கல்லூரிகளுக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்தார்கள். "பக்கத்திலேயே கம்பெனி, படித்து முடித்ததும் வேலை" என்று பீகாரிலும் ஜார்க்கண்டிலும் மணிப்பூரிலும் ஏஜெண்டுகள் சொல்லித்தான் பல பேரைச் சேர்த்தார்கள். நான் வார்டன் ஆனபோது விடுதியில் தமிழ்ப் பிள்ளைகளும் ஆந்திரப் பிள்ளைகளும்தான். ஐந்தாறு வருடத்தில் அசாம், மணிப்பூர், அருணாச்சலம், பீகார் என்று அறுபது, எழுபது பேர் ஆகிவிட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து நான்கு பேர்.

அவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று சொல்கிறேன். மணிப்பூர்ப் பையன் 'சைனாக்காரன்', 'சப்பை மூக்கு'. அசாம் பையன் 'நேபாளி'. பீகார்ப் பையன் 'பான்பராக்'. ஆப்பிரிக்கப் பையன்களுக்கு வைத்த பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. இத்தனைக்கும் வைத்தவர்கள் எல்லாம் நம்மைப் போலக் கறுத்த பிள்ளைகள்தான். மாணவர்கள் மட்டும் இப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். வகுப்பில் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏய் அசாம், நீ எழுந்திரு" என்று கேள்வி கேட்ட ஆசிரியர்கள் உண்டு. கேட்டால், "அந்தப் பேரெல்லாம் வாயில் நுழையலை சார்" என்பார்கள். வெங்கடசுப்பிரமணியனும் ஜெயப்பிரகாஷ் நாராயணனும் நுழைகிற வாயில் இரண்டு எழுத்து மணிப்பூர்ப் பெயர் நுழையவில்லையாம்.

"விளையாட்டுக்குத்தான் சார்" என்பது எல்லாரும் சொல்லும் பதில். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வரும்.

அவர் அறுபதுகளின் நடுவில் பம்பாய்க்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போனவர். மாட்டுங்காவில் ஆறு பேர் சேர்ந்து ஒரு அறை. 1966-ல் சிவசேனை ஆரம்பித்ததும் தென்னாட்டவர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. உடுப்பி ஹோட்டல்களில் கல் விழுந்தது. தஞ்சாவூர்க்காரர், பாலக்காட்டுக்காரர், மங்களூர்க்காரர் எல்லாருக்கும் அங்கே ஒரே பெயர்: 'மதராசி'. சித்தப்பா லீவில் வரும்போது சொல்வார்: "ஆபீஸில் பத்து வருஷமா பக்கத்து சீட்டில் இருக்கிறான், அவனுக்கு என் பேர் தெரியாது. ஹே மதராசி என்பான். சிரிச்சுக்கிட்டே சொல்வான், நானும் சிரிச்சுக்கிட்டே போவேன். ஆனா ராத்திரி கலாட்டான்னு சேதி வந்தா, முதல்லே அவன் முகம்தான் ஞாபகம் வரும்." இது நம் வீடுகளில் பல பேர் பட்டது. அதே வேலையை நம் ஊரில் நம் பிள்ளைகள் செய்யும்போது மட்டும் அது எப்படி விளையாட்டாகும்?

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2012 ஆகஸ்டில் பார்த்தேன்.

அந்த ஜூலையில் அசாமில் கோக்ராஜார் பக்கம் போடோ மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பெரிய கலவரம். அதற்குப் பழிவாங்க ரம்ஜான் முடிந்ததும் தென்னாட்டில் இருக்கும் வடகிழக்கு மக்களைத் தாக்கப் போகிறார்கள் என்று செல்போனில் குறுஞ்செய்தி பரவியது. பெங்களூரு ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம், கௌஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள். சென்னை சென்ட்ரலிலும் கூட்டம். மத்திய அரசு ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்ப முடியாதபடி பதினைந்து நாளைக்குத் தடை போட்டது. இதெல்லாம் பேப்பரில் வந்த செய்தி.

எங்கள் விடுதியில் நடந்தது பேப்பரில் வராத செய்தி. சுதந்திர தினத்துக்கு மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ச்மேன் ஓடி வந்தார். "சார், அந்தப் பசங்க எல்லாம் பெட்டியைக் கட்டிட்டாங்க" என்றார். போய்ப் பார்த்தால் முப்பது பேருக்கு மேல் கீழ்த்தளத்தில் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. எல்லார் கையிலும் போன். ஊரிலிருந்து அம்மாக்கள் அழுகிறார்கள்.

"இங்கே யாரும் உங்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சொன்னேன். ஒரு அசாம் பையன், மூன்றாம் வருடம், நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "சார், எப்படி நம்புவது? இங்கே எங்களுக்கு யாரைத் தெரியும்?"

அவன் அங்கே வந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது.

அன்று ராத்திரி நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் அங்கேயே இருந்தோம். ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் போன் போட்டுப் பேசினோம். எங்கள் இந்தி எந்த லட்சணம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வார்டன் குரல் கேட்டதில் பெற்றோருக்குக் கொஞ்சம் தைரியம். காலையில் உள்ளூர் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். இரண்டு நாளில் பதினெட்டுப் பேர் கிளம்பிப் போனார்கள். பதினாலு பேர் இருந்தார்கள்.

யார் போனார்கள், யார் இருந்தார்கள் என்று பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தைரியசாலிகள் இருந்தார்கள், பயந்தவர்கள் போனார்கள் என்று இல்லை. இருந்த பதினாலு பேருக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் ஒரு சிநேகிதனாவது இருந்தான். ஒருவன் கால்பந்து டீமில் இருந்தான். அவன் டீம் பையன்கள் ஐந்து பேர் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் அறை வாசலில் படுத்துக்கொண்டார்கள். இன்னொருவனை திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். போன பதினெட்டுப் பேரும் ஒரே பிளாக்கில், தங்களுக்குள்ளேயே இருந்தவர்கள். அந்த ராத்திரி ஒரு வதந்தியைக் கேட்டதும் "இது நிஜமா?" என்று திரும்பிக் கேட்க அவர்களுக்கு ஒரு ஆள் இல்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். பட்டப்பெயர் மட்டும் உள்ள ஆள் கூட்டத்தில் ஒருவன். பெயர் தெரிந்த ஆள்தான் மனிதன். கலவர நேரத்தில் வாசலில் பாய் போட்டுப் படுக்க ஆள் வேண்டுமென்றால், அமைதியான நாட்களில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். வதந்தி வந்த பிறகு ஒற்றுமை ஊர்வலம் நடத்திப் பிரயோஜனம் இல்லை.

அதன் பிறகு விடுதியில் மூன்று காரியங்கள் செய்தோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை.

முதலாவது அறை. நிர்வாக வசதிக்காக வெளிமாநிலப் பிள்ளைகளை எல்லாம் ஒரே பிளாக்கில் போட்டிருந்தார்கள். அதற்கு 'சைனா பஜார்' என்று பெயரே வந்துவிட்டது. அதைக் கலைத்தோம். நால்வர் அறையில் இரண்டு பேர் ஒரே மாநிலத்துப் பிள்ளைகள், மற்ற இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள். ஏன் இரண்டு பேர் என்றால், ஒருவனை மட்டும் தனியாகப் போட்டால் பாஷை பேச ஆளில்லாமல் தவித்துப் போவான், கேலிக்கும் அவன் ஒருவனே அகப்படுவான். இதற்கு எதிர்ப்பு வந்தது. சில தமிழ்ப் பெற்றோர், "என் பையனை வேறு அறைக்கு மாற்றுங்கள், அட்மிஷனே வேண்டாம் என்று போய்விடுவோம்" என்றார்கள். நிர்வாகத்துக்கும் பயம். ஒரு செமஸ்டர் பார்ப்போம், பிறகு மாற்றித் தருகிறோம் என்று சமாளித்தோம். செமஸ்டர் முடிந்ததும் மாற்றக் கேட்டு வந்தவர்கள் மூன்றே பேர்.

இரண்டாவது மெஸ். இங்கேதான் நிஜமான சண்டை. மணிப்பூர்ப் பிள்ளைகள் ஊரிலிருந்து 'ஙாரி' என்று ஒன்று கொண்டு வருவார்கள். மீனைப் புளிக்க வைத்துச் செய்வது. அதை அறையில் கெட்டிலில் போட்டுச் சமைத்தால் மாடி முழுக்க வாசனை. "நாற்றம் தாங்கலை" என்று புகார் மேல் புகார். எங்கள் மெஸ் மாஸ்டர் ராமநாதபுரத்துக்காரர். அவர்தான் வழக்கைத் தீர்த்து வைத்தார். "ஏன் தம்பி, உங்க வீட்டிலே கருவாடு வறுத்ததே இல்லையா? பக்கத்து வீட்டு அய்யரு ஒருநாளும் மூக்கைப் பொத்தினதில்லையா?" என்று கேட்டார். புகார் கொடுத்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மெஸ் பின்கட்டில் ஒரு அடுப்பை ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கென்று விட்டார். முதல் வாரம் அவர்கள் மட்டும் சமைத்தார்கள். மூன்றாவது வாரம் மாஸ்டர் அதில் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சென்னாக்குன்னி மாதிரி இருக்கு, காரம் பத்தாது" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம் நம் பிள்ளைகளும் தட்டோடு நின்றார்கள்.

மூன்றாவது புகார். எல்லாக் கல்லூரியிலும் ஒரு புகார்ப் பெட்டி தொங்கும். அதில் சாக்லேட் காகிதம்தான் கிடக்கும். தமிழ் எழுதத் தெரியாத பையன், தமிழ் வார்டன் திறக்கும் பெட்டியில், தமிழ்ப் பையன் மேல் புகார் எழுதிப் போடுவானா? ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சீனியரை அவர்களே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை அவர்களோடு டீ குடிப்பேன். முதல் இரண்டு மாதம் "எல்லாம் நல்லாயிருக்கு சார்" என்றார்கள். மூன்றாவது மாதம்தான் வாயைத் திறந்தார்கள். ஆப்பிரிக்கப் பையன் ஒருவன் சொன்னது இன்னும் உறுத்துகிறது. பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் யாரும் உட்கார மாட்டார்களாம். "எனக்குப் பழகிவிட்டது, இடம் தாராளமாகக் கிடைக்கிறது" என்று அவனே சிரித்தான். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசுவைக் கொன்ற கொடுமை நம் தலைமுறைக்கு மறக்காது. அதற்குப் பிறகு ராகிங்கைத் தடுக்க முதலில் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுவதற்கும் யுஜிசி 2009-ல் விதிகள் போட்டது. 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில் அருணாச்சலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கடைக்காரர்கள் கேலி செய்யப்போய், தகராறு முற்றி, அடிபட்டு அவர் இறந்தார். அதன் பிறகு மத்திய அரசு பெஸ்பரூவா தலைமையில் குழு போட்டது, அந்த வருடமே அறிக்கை வந்தது. 2016-ல் யுஜிசி ராகிங் விதியைத் திருத்தி, நிறம், இனம், சாதி, மதம், மொழி, பிறந்த இடம், தோற்றம் இவற்றை வைத்து ஒரு மாணவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று தெளிவாக எழுதியது. ஆக, 'சப்பை மூக்கு' என்று சொல்லிச் சொல்லி ஒரு பையனை நோகடித்தால் இன்றைக்கு அது விளையாட்டு இல்லை, நடவடிக்கை எடுக்க வேண்டிய குற்றம். இந்த விதியைப் பெரிய எழுத்தில் மெஸ் வாசலில் ஒட்டினேன். பயத்தில் கேலி குறைந்தது நிஜம். ஆனால் பயத்தில் பக்கத்து சீட்டில் யாரும் வந்து உட்காரமாட்டார்கள். அதற்கு அறையும் அடுப்பும்தான் வேண்டும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலப் பிள்ளையைக் கேலி செய்த நம் பிள்ளைகள் தங்களுக்குள் ஒன்றாகவா இருந்தார்கள்? கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்து யார் யாரோடு சாப்பிடுவது என்று முடிவு செய்தவர்களும் அதே விடுதியில் இருந்தார்கள். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை அந்தக் கயிற்றைத்தான் பள்ளிகளில் தடை செய்யச் சொன்னது. தெரியாத ஊர்க்காரனைத் தள்ளி வைக்கும் பழக்கம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. தெரிந்த ஊர்க்காரனைத் தள்ளி வைத்துப் பழகிய கைதான் அது. அறை கலந்து போட்டதில் அந்தக் கயிறுகளும் கொஞ்சம் அவிழ்ந்தன என்பது நாங்கள் எதிர்பார்க்காத லாபம்.

இந்த மண்ணில் பிறந்த ராமானுஜர், தமக்குக் கிடைத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்பது நாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. கதையோடு நிறுத்திவிடுகிறோம்.

இப்போது 2023-க்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. மார்ச் முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. எங்கேயோ நடந்த வேறு சண்டைகளின் காட்சிகள். அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு அவை பொய் என்று அறிவித்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் பயம் ஒரகடம் வரை வந்துவிட்டது. எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீடுகளில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த பையன்கள், ஒரு அறைக்கு எட்டுப் பேர். இரண்டு நாள் ஷிப்ட் பஸ் காலியாகப் போனது.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு போன். 2012-ல் "இங்கே எங்களுக்கு யாரைத் தெரியும்" என்று கேட்ட அதே அசாம் பையன். படித்து முடித்து ஒரகடத்திலேயே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இப்போது தமிழ் நன்றாகப் பேசுவான். அன்று கிளம்பாமல் தங்கிய பதினாலு பேரில் அவனும் ஒருவன். "சார், லைன் வீட்டுப் பசங்ககிட்டே பேசப் போறேன். தமிழ் ஆள் ஒருத்தர் கூட வந்தா நல்லாயிருக்கும். வர்றீங்களா?" என்றான்.

நானும் வீட்டுக்காரர் ஒருவரும் டீக்கடைக்காரரும் போனோம். அவன் இந்தியில் பேசினான். போலீஸ் அறிவிப்பைப் போனில் காட்டினான். டீக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில், "தினமும் என் கடையிலே டீ குடிக்கிறே, உன்னை எவன் அடிப்பான்? நான் இருக்கேன்" என்றார். அவர் அங்கிருந்தவர்களில் ஏழெட்டுப் பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கடனுக்கு டீ கொடுக்கிறவருக்குப் பேர் தெரியாமல் இருக்குமா? பாதிப் பேர் ஹோலிக்கு ஊருக்குப் போகத்தான் போனார்கள். ஆனால் வீட்டுக்காரரிடம் பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வருகிறவன்தான் பாத்திரத்தை விட்டுவிட்டுப் போவான்.

காஞ்சிபுரத்து நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான். நம் வயதில் நம்மால் சட்டம் போட முடியாது, ஊர்வலம் போக மூட்டு ஒத்துழைக்காது. ஆனால் நம்மில் பல பேர் வீட்டில் மாடி போர்ஷன் வாடகைக்கு இருக்கிறது. 'வடநாட்டவருக்கு இல்லை' என்று தரகரிடம் சொல்லும் முன் ஒரு தடவை அந்தப் பையனை நேரில் பாருங்கள். கட்டட வேலைக்கு வருகிறவனை, பார்சல் கொண்டு வருகிறவனை, பக்கத்துக் கல்லூரியில் படிக்கிற பிள்ளையை, "உன் பேர் என்னப்பா?" என்று கேளுங்கள். முதல் தடவை வாயில் நுழையாது. இரண்டாவது தடவையும் நுழையாது. அவனையே திருத்தச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை வந்துவிடும்.